நீதிபோதனை பீரியட் திரும்ப வந்தால் பிள்ளைகள் மாறிவிடுவார்களா?

கேள்வி: 2 ஜூலை 2024

என் மகன் ஆறாம் வகுப்பு. போன வாரம் பக்கத்தில் உட்காரும் பையனின் வாட்டர் பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். கேட்டால் “அவனே குடுத்தான்” என்கிறான். அந்தப் பையனின் அம்மா போன் செய்து, தன் மகன் கொடுக்கவே இல்லை என்று சொன்ன பிறகும் அதையேதான் சொல்கிறான். எங்கள் காலத்தில் வாரம் ஒரு நீதிபோதனை பீரியட் இருந்தது, இப்போது அது இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் எண்ணம். பள்ளி மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு ஜூன் 18 அன்று முதல்வரிடம் கொடுத்த அறிக்கையிலும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு கட்டாயம் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூலை, இரவு

நான் ஆசிரியர். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 24 வருடம்.

நீங்கள் சொல்லும் பீரியட் எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசிக்கு முந்தின பீரியட், கால அட்டவணையில் ‘நீதிபோதனை’ என்று எழுதியிருக்கும். கணக்கு சார் போர்ஷன் முடியவில்லை என்று எடுத்துக்கொள்வார். அவர் வராத வாரம் சத்தம் போடாமல் படிக்கச் சொல்வார்கள். எப்போதாவது ஒரு கதை. அந்தக் கதைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை, ஆனால் நீதிபோதனை பீரியடைக் கணக்கு எடுத்துக்கொள்ளலாம், கணக்கு பீரியடை நீதிபோதனை ஒருநாளும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஆத்திசூடியின் 108 வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் எனக்கு இருந்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது வேறு, 20 வருடமாக மனதில் கிடப்பது.

2003-ல் எங்கள் பள்ளிக்கு ஆண்டாய்வு. நான் வேலைக்கு வந்து மூன்று வருடம்தான், ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில். இரண்டு நாள் முன்பு மூத்த ஆசிரியை ஒருவர் வந்து ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். அதிகாரி பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், கேள்வி கேட்பது நாம்தான். கேட்டதும் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கைக்காரனை எழுப்பினால் போதும். நானும் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்தேன், அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அப்போது ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இடது கை தூக்கினா அது பொய்தானே?” என்று கேட்டாள்.

அந்த வாரம்தான் வாய்மை பற்றிய குறள்களைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கொஞ்சமும் தயங்காமல் 292-ஆம் குறளைச் சொன்னேன். குற்றமில்லாத நன்மை வருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும், நம் பள்ளிக்கு நல்ல பெயர் வந்தால் எல்லாருக்கும் நன்மைதானே என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டாய்வு பிரமாதமாக முடிந்தது.

அந்தப் பிள்ளைகள் அந்த வாரம் என்னிடம் வாய்மையைக் கற்றார்களா, குறளைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தப்பிப்பது என்பதைக் கற்றார்களா? பீரியட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பாடம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இதுதான் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்.

3 ஜூலை

காந்தியின் பள்ளிக்கூடச் சம்பவத்தை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். எனக்கும் அது அடிக்கடி நினைவுக்கு வரும். ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் முதல் வருடம். ஜைல்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வந்து ஐந்து ஆங்கில வார்த்தைகளை எழுதச் சொல்கிறார். ‘கெட்டில்’ என்ற வார்த்தையைக் காந்தி தப்பாக எழுதிவிடுகிறார். ஆசிரியர் தன் பூட்ஸ் நுனியால் காலைத் தட்டி, பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதச் சொல்லி ஜாடை காட்டுகிறார். ஆசிரியர் இருப்பதே காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே என்று நினைத்திருந்த சிறுவனுக்கு அந்த ஜாடை புரியவே இல்லை.

இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் காந்தியையே பார்க்கிறார்கள். நான் அந்த ஆசிரியரைப் பார்க்கிறேன். கெட்டவராக இருந்திருக்க மாட்டார். ஆய்வாளர் முன்னால் தன் வகுப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்ற பதற்றம், எனக்கு இருந்த அதே பதற்றம். அப்புறம் அந்த வகுப்பில் சரியாக எழுதிய மற்றப் பிள்ளைகள். அவர்களில் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதியவன் ஒருவன் இருந்திருந்தால், அவனுக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் என்ன? அவன் சுயசரிதை எழுதவில்லை.

4 ஜூலை, மதியம்

பள்ளிக்கு வெளியே என்ன கற்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதை எழுத எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

மதிய இடைவேளையில் மைதானத்தைப் பாருங்கள், அங்கே ஒரு முழு நீதிமன்றம் நடக்கிறது. அணி பிரிக்க சா பூ த்ரீ. ஏமாற்றினால் அழுகுணி, ஒருவனுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால் வாத்தியார் அடித்ததைவிட வலிக்கும், ஒரு வாரம் யாரும் சேர்க்க மாட்டார்கள். சண்டை வந்தால் கா. ஆனால் கா என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை, இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுக்கொள்ளும் வழியும் அதிலேயே இருக்கிறது. சண்டையை முடிக்கிற முறையையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் அப்படி ஒன்று இல்லை, என் சித்தப்பாக்கள் இருவரும் வரப்புத் தகராறில் 19 வருடம் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒப்புக்குச் சப்பாணி. அந்தச் சொல் ஒருவரின் உடற்குறையை வைத்து வந்தது, அதை நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். அக்காவோடு வந்த நாலு வயதுத் தம்பிக்கு ஓடத் தெரியாது, பிடிக்கத் தெரியாது. அவனை விரட்டுவதில்லை. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவன் அவுட் ஆனால் கணக்கில்லை, ஆனால் அவனும் ஓடலாம், கத்தலாம். விதியும் குலையாது, சின்னவனும் அழ மாட்டான். எந்தப் பாடநூல் குழுவும் இதை எழுதிக் கொடுக்கவில்லை.

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜெனீவா, நூஷாத்தெல் ஊர்ச் சிறுவர்கள் கோலி ஆடுவதைப் பார்த்தும், அவர்களிடம் விதிகளைப் பற்றிக் கேள்வி கேட்டும் 1932-ல் ஒரு புத்தகமே எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாதது. பத்து, பன்னிரண்டு வயதில்தான் ‘நாம் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம்’ என்பது வருகிறது, அதுவும் பெரியவர்கள் சொல்லி வருவதைவிடச் சமவயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டித்தான் வருகிறது என்றார். எங்கள் மைதானத்தில் நான் பார்ப்பதும் இதுதான். அதனால் விளையாட்டு பீரியடைப் பிடுங்கி அறநெறி வகுப்புக்குக் கொடுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

5 ஜூலை

ஒரு திருத்தம். ஆத்திசூடி 108 வரி என்று எழுதிவிட்டேன், 109. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 108 என்ற எண் மனதில் நின்றதற்குக் காரணம் திருக்குறள். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, இந்த 108 அதிகாரங்களையும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

7 ஜூலை

‘வீட்டில் பாட்டி தாத்தா இருந்தவரை பிள்ளைகளுக்கு நீதி தெரிந்திருந்தது’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். என் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது, 1982. அண்ணாச்சி கடையில் சீரகம் வாங்கிவிட்டு வந்தேன், மீதிச் சில்லறையில் ஐம்பது காசு கூட இருந்தது. ஆச்சி எண்ணிப் பார்த்தாள். மணி இரவு எட்டிருக்கும், தெருவில் விளக்கு இல்லை. “போய்க் குடுத்துட்டு வா. ராத்திரி அந்த மனுசன் கல்லாவ எண்ணும்போது காசு குறைஞ்சா கடைப் பையனத்தான் சந்தேகப்படுவாரு” என்றாள். கூடவே வாசல் வரை வந்து நின்றாள், நான் திரும்பும் வரை நின்றாள். பொய் சொல்லாதே, திருடாதே என்று ஒரு வார்த்தை இல்லை. கடைப் பையன் என்று ஒருவன் இருக்கிறான், என் ஐம்பது காசு அவன் முதுகில் போய் விழும் என்பதைக் காட்டினாள். இன்றுவரை நான் மீதிச் சில்லறையை எண்ணாமல் நகர்வதில்லை.

இதே ஆச்சி, எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் காபி கொடுப்பாள். சுவரில் ஓர் ஆணியில் இரண்டு அலுமினியத் தம்ளர்கள் தொங்கும், அவர்களே எடுத்து, குடித்து, அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தம்ளரைத் தொடாதே என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே நான் தொட்டதில்லை. கல்லூரிக்குப் போய், விடுதியில் கூட இருந்தவள் ஒருத்தி தன் அம்மா அப்படி ஒரு தம்ளரில் குடித்ததைச் சொன்ன அன்றைக்குத்தான் ஆணி, தம்ளர் எல்லாம் கண் முன்னால் வந்தன.

ஐம்பது காசைச் சொல்லிக்கொடுத்த அதே கை, தம்ளரையும் சொல்லிக்கொடுத்தது. முதலாவதை வாய்விட்டுச் சொன்னாள், அதனால் அது சரியா என்று என்னால் யோசிக்க முடிந்தது. இரண்டாவதைச் சொல்லவே இல்லை, அதனால் யோசிக்க வேண்டும் என்றே எனக்குப் பல வருடம் தோன்றவில்லை. ஆச்சி மேல் எனக்கு இருக்கும் அன்பு குறையவில்லை. ஆனால் பாட்டி இருந்தால் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

9 ஜூலை

“அப்படியானால் வீடுதான் குற்றவாளி, பள்ளி என்ன செய்யும்” என்று கேட்கிற நண்பருக்கு.

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி பள்ளியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதால் சில பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிடவில்லை. ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பசிக்கும்போது உப்புமாவை யார் கிண்டினார்கள் என்று தானாகத் தோன்றுமா? வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த அதே எட்டயபுரம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து கூடப் படித்த பையன்களே அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சந்துரு குழுவே அதற்குப் பிறகுதான் அமைக்கப்பட்டது. கையில் சாதிக்கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையும் அதனால்தான். நான் அந்தப் பரிந்துரையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கயிற்றின் நிறத்தை வைத்தே எந்தப் பையன் எந்த பெஞ்ச் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பள்ளிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லாதீர்கள். என் கதையையே கேளுங்கள். 2011 வாக்கில், வகுப்பறையைப் பெருக்க வேண்டுமென்றால் நான் கூப்பிடும் பெயர்கள் எப்போதும் நான்கு. சுறுசுறுப்பான பிள்ளைகள், சொன்னதும் செய்வார்கள், அதனால் கூப்பிடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “எங்க தெருப் புள்ளைங்க மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுமா டீச்சர்?” என்று கேட்டார். நான்கு பேரும் ஒரே தெரு. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இரவு தூங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினம் நான்கு பேர், வெள்ளிக்கிழமை நானும் துடைப்பம் எடுப்பேன். உடனே வேறொரு அப்பா வந்து, “என் மகள் வீட்டிலேயே துடைப்பம் தொட்டதில்லை” என்று சண்டை போட்டார். தலைமையாசிரியர் என் பக்கம் நிற்கவில்லை. இருந்தாலும் வரிசையை மாற்றவில்லை. அந்த மகள் மூன்றாவது வாரத்தில், மூலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினால் தூசி பறக்காது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

11 ஜூலை

கதைகள் பற்றி. ‘இக்கதையால் அறியப்படும் நீதி’ என்று கடைசியில் ஒரு வரி எழுதுவோமே, அதைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். ‘புலி வருது’ கதையைச் சொல்லி முடித்தேன், பொய் சொன்னால் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான், “டீச்சர், அவன் சின்னப் பையன்தானே, மூணாவது தடவையும் ஒரு ஆளாவது போய்ப் பாத்திருக்கலாம்ல?” அந்தக் கதையில் ஊர்க்காரர்களைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை.

2014-ல் கனடாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகள், பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியாக விடுவார்கள், பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கதை வாசித்துக் காட்டிவிட்டு, பார்த்தாயா என்று கேட்பார்கள். புலி வருது மாதிரியான ஓநாய்க் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதையும் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்ட கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையில் அப்பா கோபப்படுவதில்லை, உண்மை சொன்னதற்காக அணைத்துக்கொள்கிறார். முடிவை மாற்றித் தண்டனை கிடைக்கிற மாதிரிச் சொன்னபோது இந்தக் கதையும் வேலை செய்யவில்லை.

இதைப் படித்த பிறகு வகுப்பில் ஒன்றை மாற்றினேன். ‘யார் உடைத்தது?’ என்று கேட்பதற்கு முன்னால் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லைக் கூட்ட ஆரம்பித்துவிடுவேன். இரண்டு நிமிடத்தில் உடைத்தவன் முறத்தோடு வந்து நிற்பான்.

11 ஜூலை, இரவு

அந்த வாஷிங்டன் கதையே கட்டுக்கதை என்று எழுதியவருக்கு: ஆமாம். அவர் இறந்து சில வருடம் கழித்து வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிச் சேர்த்தது. அந்தப் பிள்ளைகளை மாற்றியது அது நடந்ததா இல்லையா என்பதைவிட, ஒத்துக்கொண்டால் அடி விழாது என்ற நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

12 ஜூலை

லீடர் பற்றி ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவன் கரும்பலகையில் பேசியவர்கள் பெயரை எழுதுவான், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். என் வகுப்பில் ஒரு லீடரின் பையில் மட்டும் எப்போதும் தேன்மிட்டாய் இருந்தது. விசாரித்தால், பெயரை அழிக்க ஒரு மிட்டாய், பெருக்கல் குறியை அழிக்க இரண்டு. அவன் மோசமான பையன் கிடையாது, தெருவில் கிடந்த பத்து ரூபாயை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவன்.

1920-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்துச் சோதித்து இதைத்தான் சொன்னார்கள். பரீட்சையில் நேர்மையாக இருக்கும் பிள்ளை விளையாட்டிலும் காசிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை, சூழலைப் பொறுத்து மாறுகிறது. அப்படியென்றால் அந்தச் சூழலை அவன் கையில் கொடுத்தது யார்? நான். பெயர் எழுதும் வழக்கத்தை அன்றோடு நிறுத்தினேன். வகுப்பு முதல் இரண்டு வாரம் சந்தைக்கடையாக இருந்தது, அப்புறம் அடங்கியது.

15 ஜூலை

இன்று கல்வி வளர்ச்சி நாள், காமராஜர் பிறந்தநாள். காலை உணவுத் திட்டத்தைக் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கியிருக்கிறார்கள், மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

அதை ஒட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. மதிய முட்டையைப் பள்ளியிலேயே சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஒரு பையன் தினமும் டவுசர் பாக்கெட்டில் முட்டையை ஒளித்துக்கொண்டு போனான். பிடித்துவிட்டேன், திருட்டு என்ற வார்த்தையையும் சொன்னேன். வீட்டில் மூன்று வயதுத் தங்கை. பாதியை அவளுக்கு ஊட்டிவிட்டு மீதியை அவன் தின்பானாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சத்துணவு அமைப்பாளர் அக்காதான் வழி கண்டுபிடித்தார், அவர் வீடு அதே தெரு, அங்கன்வாடியில் அந்தக் குழந்தையைச் சேர்த்துவிட்டார். அங்கேயும் முட்டை உண்டு. நான் நீதி பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அக்கா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்.

19 ஜூலை

இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

2003-ல் என் ஐந்தாம் வகுப்பில் படித்தவன் ஒருவன் நேற்று இரவு போன் செய்தான். இப்போது கோயம்புத்தூரில் இருசக்கர வாகன மெக்கானிக், சொந்தக் கடை. யாரோ இதைக் காட்டியிருக்கிறார்கள். “டீச்சர், இடது கை பொய்தானேன்னு கேட்டது அந்தப் பொண்ணு இல்ல, நான்” என்றான். எனக்கு ஒரு பெண்ணின் முகம்தான் நினைவில் இருக்கிறது, 20 வருடமாக அவள் முகத்தோடுதான் அந்தக் கேள்வி எனக்குள் இருந்தது. ஆனால் அவன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் எந்த ஜன்னல் பக்கம் நின்றேன் என்பதையெல்லாம் சொன்னான். அவன் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும்.

அந்தக் குறள் உன்னைக் கெடுத்துவிட்டதா என்று கேட்டேன். குறள் எல்லாம் ஞாபகம் இல்லை என்றான். அவனுக்கு ஞாபகம் இருந்தது ஜாமெட்ரி பாக்ஸ். யாரோ ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போய், நான் இவன் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறேன். இல்லை. மறுநாள் அது அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருந்தது தெரிந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது சுத்தமாக மறந்துவிட்டது. “ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்டு நான் அப்பதான் பாத்தேன். இப்ப கடையில நான் தப்பா கழட்டிட்டா கஸ்டமர்கிட்ட நேரா சொல்லிருவேன், உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போனை வைப்பதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டான். “ஆனா டீச்சர், முப்பத்தெட்டு பேர்ல ஏன் என் பையை மட்டும் பாத்தீங்க?”

20 ஜூலை

நேற்று அவனுக்குப் பதில் சொல்லவில்லை, காலையில் நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அந்தத் தெருப் பையன். பெருக்குவதற்கு நான்கு பெயரைக் கூப்பிட்டதும் இந்தப் பையைக் கொட்டியதும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான். ஆணியில் தொங்கிய தம்ளரிலிருந்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “தெரியும் டீச்சர், நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்” என்றான்.

9-ஆம் தேதி எழுதியதில், 2011-ல் ஓர் அம்மா கேட்டதும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறேன். அப்படி இல்லை. பெருக்குகிற வரிசையை மாற்றினேன், பையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

22 ஜூலை

முதலில் கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கிறார், எல்லாரும் படியுங்கள். கோபப்படாமல் உட்கார்ந்து கேட்டதில், வாட்டர் பாட்டிலை அந்தப் பையன் நிஜமாகவே கொடுத்திருக்கிறான், எட்டு கிரிக்கெட் கார்டுக்குப் பண்டமாற்று. வீட்டில் திட்டு விழும் என்று அவன்தான் அம்மாவிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறான். ஆக உங்கள் மகன் மூன்று வாரமாக உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, பிரியாணி வாங்கிக் கொடுத்தேன் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். பிரியாணி நல்லதுதான். வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், ஏன் நம்பவில்லை என்பதையும் சேர்த்து.

அறநெறி வகுப்பு வந்தால் வேண்டுமா வேண்டாமா என்று நேரடியாகச் சொல்லச் சொன்னீர்கள். வேண்டும். இரண்டு வாரம் முன்பு கேட்டிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆச்சியின் தம்ளர் 10 வருடம் என் கண்ணில் படாததற்குக் காரணம் அதை யாரும் வாய்விட்டுப் பேசாததுதான், பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த 40 நிமிடத்தில் நான் கதை சொல்லிப் பிள்ளைகள் கேட்பதாக இருந்தால் வேண்டாம். ஏன் சார் தினமும் லேட்டாக வருகிறார், ஏன் பெண் பிள்ளைகள்தான் கோலம் போட வேண்டும், ஏன் என் பையை மட்டும் பார்த்தீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும், நாங்கள் பதில் சொல்கிறோம். கணக்கு சாருக்கு அந்த பீரியடைக் கொடுக்கவும் கூடாது.

2 ஆகஸ்ட்

நேற்று எங்கள் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். இப்போது நான் இருப்பது வேறு பள்ளி, மறுபடியும் ஐந்தாம் வகுப்பு, 23 பிள்ளைகள். முந்தின நாளே சொல்லிவைத்தேன், தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்கினால் போதும், தூக்காதவர்களை நான் திட்ட மாட்டேன் என்று. வகுத்தல் நடத்தினேன், கேள்வி கேட்டேன், ஒன்பது கை. தலைமையாசிரியர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். அலுவலர் எழுந்து வந்து, கை தூக்காத ஒரு பெண்ணிடம் ஏன் என்று கேட்டார். “எனக்கு மீதி வர்ற கணக்கு இன்னும் வரல சார்” என்றாள். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். வகுத்தலில் கூடுதல் கவனம் தேவை என்று அறிக்கையில் வந்திருக்கிறது, தலைமையாசிரியருக்கு என் மேல் வருத்தம்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெண்ணை வரச் சொல்லியிருந்தேன், 85-ஐ 6-ஆல் வகுக்க. கூடவே இன்னும் மூன்று பேர் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்த மூன்று பேரும் நேற்று கை தூக்கியவர்கள்.